பால்கனி சீட்டுல பூச்சி கிடையாது

உக்காருங்க தம்பி. சும்மா உக்காருங்க. ஆத்தூர் வரைக்கும் நின்னுக்கிட்டே போவீங்களா? இந்த சீட்டுக்கும் சேத்து லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டார் கண்டக்டர், அப்புறம் காலியா போயி என்ன பிரயோஜனம். அந்தக் குஷன இப்படிக் கீழ அமுக்குங்க. ஆங், அதான். எந்திரிச்சா அதுவா மடங்கிக்கும். பயப்படாதீங்க, அடியில நாலு கால் வெச்சு வெல்டிங் அடிச்சிருக்கேன், சாயாது. மேல கம்பிய மட்டும் ஒரு கையால புடிச்சுக்குங்க. உப்பிலியபுரம் தாண்டற வரைக்கும் ரோடு ஒரு மாதிரியாத்தான் இருக்கும்.

வெள்ள வேட்டி, வெள்ள சட்ட. கட்சிக் கூட்டமா? ஓ, கிரகப்பிரவேசமா. அப்ப கண்டிப்பா உக்காருங்க. கசங்காம போயி எறங்கணும்ல.

பால்கனி சீட்டு தம்பி இது. துறையூர்ல செங்கமலம் தியேட்டர்னு இருந்துச்சே, தெரியாதா? இப்ப கல்யாண மண்டபம் கட்டிட்டாங்க. அங்கதான் இருந்தேன். ஆபரேட்டர் இல்ல, மேனேஜர் இல்ல, டார்ச் அடிக்கறவன். மீச மொளச்ச காலத்துல உள்ள போனவன், தல நரைச்சு வெளிய வந்தேன். பொன்னுரங்கம்னு கேட்டா எங்க தெருவுலயே தெரியாது. டார்ச் ரங்கம்னு கேளுங்க, வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுவாங்க.

தியேட்டர மூடுனப்ப முதலாளி கூப்புட்டு, ரங்கம் உனக்கு என்னடா வேணும்னார். பணம் கேப்பேன்னு நெனச்சு மொகத்த ஒரு மாதிரி வெச்சிருந்தார். பால்கனி முத வரிசையில ஓரத்து சீட்டுன்னேன். அப்பாடான்னு ஆயிடுச்சு அவருக்கு. அத்தன வருஷத்துல நான் அதுல ஒரு தடவ உக்காந்ததில்ல தம்பி. எத்தனையோ பேர அதுல உக்கார வெச்சிருக்கேன், தாசில்தார் உட்பட. டார்ச் அடிக்கறவன் உக்காந்துட்டா அப்புறம் அவனும் படம் பாக்க வந்தவன்தானே.

கொண்டாந்து கூடத்துல ஜன்னலோரமா போட்டேன். எங்க வீட்டுல பாத்துட்டு, "இது எதுக்கு, குப்பையள்றவன் கூட எடுக்க மாட்டான்"னா. உக்காந்து பாருன்னேன். உக்காந்தா. அப்புறம் எந்திரிக்கல. அதுல உக்காந்துதான் வெங்காயம் உரிப்பா.

அப்பதான் மங்க பிரசவத்துக்கு வந்துது. மங்கையர்க்கரசி, எங்க பொண்ணு, ஒரே பொண்ணு. தம்மம்பட்டியில குடுத்திருக்கு. மாப்பிள்ள ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுல சூப்பர்வைசர், நல்ல புள்ள, பேச மாட்டார். அவருக்கும் சேத்து அவங்கம்மா பேசிருவாங்க. பொம்பளப் புள்ள பொறந்துச்சு. என்ன மாதிரியே காது. அத வெச்சு எங்க வீட்டுல கேலி பண்ணுவா, "புள்ளைக்கு வேற எதுவும் உங்கள மாதிரி வராம இருந்தா போதும்"னு.

மங்க அந்த சீட்டுலதான் உக்காந்து பால் குடுக்கும். முதுகுக்கு எதமா இருக்குதுப்பான்னு சொல்லுச்சு. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நெனக்கறீங்க? அந்தச் சீட்டுக்கு அவ்வளவு நாள் டார்ச் அடிச்சதுக்கு அன்னிக்கித்தான் கூலி வாங்கின மாதிரி இருந்துச்சு.

அப்பதான் ஆரம்பிச்சது கடி.

புள்ள தொடையில மொதல்ல. வரிசையா, கோலப்புள்ளி வெச்ச மாதிரி செவப்பு செவப்பா. அப்புறம் கழுத்து மடிப்பு. அப்புறம் மங்கைக்கு கையில, இடுப்புல. புள்ள அழுவுது பாருங்க, பசி அழுகையில்ல, வயித்து வலி அழுகையில்ல. அது வேற அழுக. அதுக்கு சொறியவும் தெரியாது. தலையணையில மொகத்தத் தேய்க்கும். அந்த வயசுல அரிப்பு எடுத்தா யார்கிட்ட சொல்லும் அது?

கொசுன்னேன். சாக்கடையில மண்ணெண்ண ஊத்தினேன், ஜன்னலுக்கு வலை அடிச்சேன். கடி நிக்கல. பக்கத்து வீட்டு அம்சவல்லி கோழி வளக்கறா. கோழி மேல இருக்கற செல்லுப்பூச்சிதான்னு போயி சண்ட போட்டேன். பாவம் அவ. "பச்சப்புள்ள இருக்கற வீடு, எனக்கெதுக்கு பாவம்"னு அத்தன கோழியையும் சந்தையில வித்துட்டு வந்துட்டா. கோழி போச்சு. கடி போகல. இன்னிக்கு வரைக்கும் அவ என்ன பாத்தா மொகத்தத் திருப்பிக்குறா. முட்டைக்கு இப்ப நான் கடைக்குப் போறேன்.

எங்க வீட்டுல, இது காணாக்கடின்னா. கண்ணுக்குத் தெரியாதது எதுவோ கடிச்சிருக்கு, மருந்துக்கு அடங்காது, மந்திரிக்கணும்னு. மந்திரிக்கறவர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வேப்பில அடிச்சாரு, திருநீறு பூசுனாரு, பால் குடுக்கற தாய்க்கு பத்தியம்னாரு. உப்பு ஆகாது, புளி ஆகாது, வீட்டுல தாளிக்கற வாசனையே வரக்கூடாது. மங்க உப்பில்லாத சோத்த வெத்தலையும் மிளகும் கடிச்சுக்கிட்டு முழுங்கும். முழுங்கிட்டு வந்து சீட்டுல உக்காரும். புள்ளைக்கு பால் குடுக்கும். மறுநாள் காத்தால புதுசா வரிசை.

நான் பகல்ல ஓட்டல்ல எல எடுத்துட்டு நைட் ஸ்கூல்ல படிச்சவன் தம்பி. அங்க ஒரு சயின்ஸ் வாத்தியார் இருந்தாரு. எதையும் நம்பாதீங்கடா, ஒண்ணுல போட்டுப் பாரு, ஒண்ணுல போடாம பாரு, அப்புறம் பேசுன்னுவாரு. பாதிப் பேரு தூங்கிட்டுதான் கேப்போம். ஆனா எனக்கு அது மட்டும் மண்டையில நின்னுருச்சு. அதனால என்ன பண்ணேன், புள்ள மேல எந்த மருந்தையும் நேரா வெக்க விடல. எதுவானாலும் மொதல்ல என் கையில. எடது கையில மருந்து, வலது கையில ஒண்ணுமில்ல. எடது கை அடங்குதான்னு பாக்கறது.

பரிசோதனைக்கு கடி வேணுமில்ல? அதுக்குப் பஞ்சமே வரல. அந்த சீட்டுல சட்டையக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் உக்காந்தா போதும், ரெண்டு கைக்கும் வேண்டியது கெடச்சிரும். ஜன்னலோரம்ல, வெளிக்கொசு நேரா அங்கதான் வரும்னு கணக்குப் போட்டேன். வலைய மீறியும் வருது பாருங்க, துறையூர் கொசு.

குப்பைமேனியையும் மஞ்சளையும் உப்பு வெச்சு அரைச்சுப் போட்டேன். அடங்குச்சு, ஆனா உப்பு எரிஞ்சுது, புள்ளைக்கு ஆகாதுன்னு தள்ளிட்டேன். சோத்துக் கத்தாழை குளுகுளுன்னு இருந்துச்சு, காஞ்சதும் பழையபடி. வெங்காயத்த நறுக்கித் தேச்சேன், ராத்திரி எங்க வீட்டுல பாயத் தூக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. சுண்ணாம்பு வெச்சேன், தோல் வெந்துபோச்சு, இந்தா பாருங்க தழும்பு. யாரோ பல்லு வெளக்கற பேஸ்டுன்னாங்க. அதையும் வெச்சேன். கையி வாசனையா இருந்துச்சு, அவ்வளவுதான். கடைசியில மெடிக்கல்ல ரோஸ் கலர்ல ஒரு லோஷன் குடுத்தாங்க, அதுவும் வேப்பில போட்டு ஆறவெச்ச தண்ணியும்தான் கொஞ்சம் கேட்டுச்சு. அத மட்டும் புள்ளைக்குத் தொட்டு வெச்சோம். புள்ள தூங்கும். நாங்க ரெண்டு பேரும் அது மூச்சு விடறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்போம். கடி போச்சு, ஜெயிச்சாச்சுன்னு நெனப்பேன். காத்தால பாத்தா அடுத்த வரிச.

என்ன தம்பி நெளியறீங்க? கால மாத்திப் போட்டுக்குங்க. கம்பி குத்துதா? இல்லையே, பட்டறையில கொண்டுபோயி தேச்சுதானே வெச்சேன்.

சொல்றேன் கேளுங்க. லேடி டாக்டர் ஒருத்தங்ககிட்ட காட்டினோம். புள்ளயத் திருப்பித் திருப்பி பாத்துட்டு, "பெரியவரே, வீட்டுல மூட்டப்பூச்சி இருக்கா"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல என்னப் பாக்கறா. மங்க என்னப் பாக்குது. நான் டாக்டரம்மாவப் பாத்து, "பழைய கட்டிலு மெத்த எதுவும் எங்க வீட்டுல கெடையாதுங்க, பாயிதான், தெனம் வெயில்ல போடறோம்"னேன். பொய்யா அது? மெத்த கெடையாதுதான். "சோபா, நாற்காலி?" "பால்கனி சீட்டு ஒண்ணு இருக்கு." அந்தம்மா பேனாவ கீழ வெச்சுட்டாங்க.

தம்பி, ஒரு விஷயம் புரிஞ்சுக்குங்க. செங்கமலத்துல மூட்டப்பூச்சி இருந்துச்சு. இல்லேங்கல. பெஞ்சுல இருந்துச்சு, பின்சீட்டுல இருந்துச்சு. இண்டர்வெல்ல கீழேருந்து ஆளு வந்து முதுகக் காட்டுவான், "ரங்கண்ணே, படத்த விட இதுதாண்ணே நல்லா ஓடுது"ம்பான். ஆனா பால்கனி என் பொறுப்பு. சனிக்கெழம சனிக்கெழம மாட்னிக்கு முன்னாடி நானே மருந்து பம்ப முதுகுல மாட்டிக்கிட்டு, சீட்டு சீட்டா, இடுக்கு இடுக்கா அடிப்பேன். தாசில்தார் உக்காந்துருக்கார் இதுல. ஒரு நாள் சொறிஞ்சிருப்பாரா? சொறிஞ்சா என் வேல போயிருக்கும். பால்கனி சீட்டுல பூச்சி கிடையாது. இத நான் டாக்டருக்கும் சொன்னேன், பொண்ணுக்கும் சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன்.

மங்க அன்னிக்கி வீட்டுக்கு வந்ததும் கேட்டுச்சு. "அப்பா, ஒரு வாரத்துக்கு மட்டும் அத வெளிய போடேன். நீதானே சொல்லுவ, ஒண்ணுல போடாம பாருன்னு." என் வாத்தியார என்கிட்டயே திருப்புது. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. "மழ வந்தா ரெக்சின் போயிரும்மா"ன்னேன்.

மழ வரல.

புள்ளைக்கு கழுத்துல இருந்த கடி ஒண்ணு சீழ் வெச்சிடுச்சு. காய்ச்சல். உடம்பு அனலா கொதிக்குது, கண்ணு செருகுது. ஆட்டோவுல நான் முன்னாடி உக்காந்திருக்கேன், பின்னாடி எங்க வீட்டுல ஊர்ல உள்ள சாமி பேரெல்லாம் சொல்லிக்கிட்டு வர்றா. மங்க புள்ள மேல ஈரத்துணிய ஒத்திக்கிட்டே வருது, என் பக்கம் திரும்பல. அதான் தம்பி எனக்கு இன்னமும்... அது அழுதிருந்தா தேவலாம். ஆஸ்பத்திரியில அந்தச் சின்னக் கையில ஊசி ஏத்தறதுக்கு நரம்பு கெடைக்கல. மாத்தி மாத்திக் குத்துறாங்க. நான் வராந்தாவுல நின்னு என் ரெண்டு கையையும் பாக்கறேன். எடது கை, வலது கை. அவ்வளவு பரிசோதன பண்ணி என்னத்தக் கண்டேன்?

பொழச்சுக்கிச்சு. நல்லாருக்கு இப்ப, நல்லாருக்கு. பயந்துட்டீங்களா.

சம்பந்தியம்மா வந்தாங்க ஆஸ்பத்திரிக்கு. டிஸ்சார்ஜ் பண்ணி எங்க வீட்டுக்குத் துணி எடுக்க வந்தப்ப, மரியாதைக்கு அந்த சீட்டத்தான் எடுத்துப் போட்டேன். உக்காந்தாங்க. காப்பி குடிச்சு முடிக்கல, எந்திரிச்சு பொடவய உதறுனாங்க. சீட்டுப் பக்கமும் பாத்தாங்க, என் பக்கமும் பாத்தாங்க. "பேத்திய வளக்கக் குடுத்தோம் சம்பந்தி, நீங்க பூச்சிக்குத் தீனி போட்டிருக்கீங்க"ன்னாங்க. அவ்வளவுதான். மூட்ட கட்டிட்டாங்க. மங்க போச்சு. புள்ளயப் பாத்துக்கணும்னு எங்க வீட்டுலயும் கூடப் போயிட்டா. போறப்ப வாசல்ல நின்னு, "ஒண்ணு நாங்க, இல்ல அது. நீங்களே டார்ச் அடிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க"ன்னா. இத்தன வருஷத்துல எங்க வீட்டுல சினிமா வசனம் மாதிரி பேசுனது அது ஒண்ணுதான்.

அப்புறம் வீட்டுல நானும் சீட்டும்தான். சோறு வடிக்கறதில்ல. தூக்கமும் இல்ல. தூளி கட்டுன கயிறு அப்படியே தொங்குது, அத அவுக்க மனசு வரல. கடி மட்டும் கொறையவே இல்ல பாருங்க. கொசுவுக்கு ஆளு கொறைஞ்சுபோச்சு, எல்லாம் என்கிட்டதானே வரணும்.

தொடைய சொறியாதீங்க தம்பி, சொறிஞ்சா பரவும். இந்தாங்க, இந்த டப்பாவுல குப்பைமேனி அரைச்சு வெச்சிருக்கேன், உப்பு போடாதது. லேசா தொட்டு வெய்யுங்க. பஸ்ஸுல கொசு இருக்கும், ஜன்னலெல்லாம் தொறந்து கெடக்கு.

போன மாசம் போனேன் தம்மம்பட்டிக்கு. பொட்டுக்கடலை உருண்ட, புள்ளைக்கு ஒரு கிலுகிலுப்ப. வாசப்படி ஏறல, சம்பந்தியம்மா கைய நீட்டி நிறுத்திட்டாங்க. கொல்லப்பக்கம் பைப்படி இருக்கு, அங்க தலைக்குக் குளிங்க, போட்டிருக்கற துணிய வெந்நியில போடுங்க, எங்க வீட்டுக்காரர் வேட்டி தர்றேன் கட்டிக்கிட்டு வந்து புள்ளயத் தூக்குங்கன்னாங்க. சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி. மங்க நெலைப்படியில நிக்குது, "குளிச்சுட்டுத்தான் வாயேம்ப்பா"ங்குது. உள்ள புள்ள சிரிக்கிற சத்தம் கேக்குது. எங்க வீட்டுல எதையோ ஆட்டிக் காட்டிக்கிட்டு இருக்கா போல. ஒரு சொவரு தள்ளி. நான் என்ன பண்ணேன்? கிலுகிலுப்பயத் திண்டுல வெச்சுட்டு திரும்பி வந்துட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நின்னேன். மங்க வரும்னு நெனச்சேன். வரல.

அதான் இன்னிக்கி இத தூக்கிட்டுப் போறேன். நேரா கொண்டுபோயி அவங்க வீட்டு நடுக்கூடத்துல போடப்போறேன். சட்டையக் கழட்டிட்டு எல்லார் முன்னாடியும் உக்காருவேன். பாருங்க, நல்லா பாருங்க, கடிக்குதான்னு பாருங்க. சம்பந்தியம்மா பாக்கட்டும், மாப்பிள்ள பாக்கட்டும். என் மேல ஒரு வரிச வந்துச்சுன்னா அப்ப பேசட்டும். எத்தன வருஷம் பம்ப் தூக்குனவன் நான். அது ஒண்ணுதான தம்பி நான் ஒழுங்கா பண்ணேன்னு சொல்லிக்கறதுக்கு இருக்கு. அதுவும் பொய்யின்னா...

ஏன் எந்திரிச்சுட்டீங்க? இன்னும் ஆத்தூர் வரலியே.

எங்க? வேட்டியிலயா? அசையாதீங்க. அப்படியே நில்லுங்க.

நசுக்கிட்டேன். கறையாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. என்கிட்ட தண்ணி இருக்கு, மேல துண்டப் போட்டு மறச்சுக்கலாம். கிரகப்பிரவேசத்துல யாரும் கேட்டா குங்குமம்னு சொல்லுங்க.

பஸ்ஸுல ஏறுனதா இருக்கும். எத்தன பேர் ஏறி எறங்கற வண்டி.

இந்த வாசன இருக்கே தம்பி. வெரல மோந்து பாருங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்கு மோந்து பாக்காமலே தெரியும். பெஞ்ச் வரிசையப் பெருக்கறப்ப வர்ற வாசன. நாலு மாசமா வீட்டுல எதோ வாசன வருது வருதுன்னு எங்க வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தா. பழைய ரெக்சினு அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன் நான்.

ம்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானும் ஒண்ணும் கேக்கல.

தம்மம்பட்டி வந்துருச்சு. கண்டக்டர் சார், பின்னாடி ஒரு சாமான் எறக்கணும், விசில் அடிச்சுராதீங்க. தம்பி, நீங்க தொடாதீங்க, உங்க வேட்டி... நானே எறக்கிக்கறேன். எங்கயா? அந்த பஸ் ஸ்டாப் நெழக்கொடையில வெக்கலாம். இல்ல, வேணாம், யாராவது உக்காந்துருவாங்க. பின்னாடி குப்ப மேடு இருக்கு, அங்க போட்டுக் கொளுத்திட்டுப் போயிடறேன். கனமா இருக்கு தம்பி, அதான். அங்கேருந்து அவங்க வீடு கொஞ்சம் தூரம், தூக்கிட்டு நடக்க முடியல. வேற ஒண்ணுமில்ல.

பைப்படி எங்கன்னு எனக்குத் தெரியும். நேரா கொல்லப்பக்கமே போயிடுவேன்.

ஒரே ஒரு ஒத்தாச. இந்தாங்க டார்ச்சு, தியேட்டர் டார்ச்சுதான், பட்டன மேல தள்ளுங்க. என் காலர் மடிப்ப விரிச்சு கொஞ்சம் அடிச்சுப் பாருங்க. முதுகு தையல்லயும். அவசரப்படாதீங்க, டிரைவர் நிப்பாரு. நல்லா பாருங்க தம்பி, புள்ளயத் தூக்கணும்.